கல்வனைஸ் ஒட்டினால் இரவில் காய்ச்சல்: நானோத்துகள் மரபணுவை மாற்றுமா? பிள்ளைக்கும் வருமா?

செட்டிபாளையத்துப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேற், கிறில், கூரை ட்ரஸ் எல்லாம் ஒட்டுவார். பதினொரு வருடத் தொழில். எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் கறுப்பு இரும்பு நின்று பிடிக்காது, பெயின்ற் அடித்தாலும் உப்புக் காற்று தின்றுவிடும். அதனால் சனங்கள் இப்போது கல்வனைஸ் பொக்ஸ் பாரில்தான் கேட்கிறார்கள். அவருக்கும் அதில்தான் நாலு காசு.

ஐப்பசி கடைசியில் ஒரு கோழிப்பண்ணைக்குக் கூரை அடிக்கிற வேலை கிடைத்தது. மாரி தொடங்கிவிட்டது. சாரல் அடிக்கிறது என்று பட்டறையின் இரண்டு பக்கத் தகரத்தையும் இறக்கிவிட்டு உள்ளே இருந்தே ஒட்டினார். முதல் திங்கட்கிழமை இரவு எட்டு மணி போல, "வாயெல்லாம் செப்புக்காசு சப்பின மாதிரி இருக்கு" என்று சோற்றைத் தள்ளிவிட்டார். பத்து மணிக்கு நடுக்கம். மூன்று போர்வை போட்டும் கட்டில் ஆடுகிறது. காய்ச்சல் 102. விடியப் பார்த்தால் ஆள் வியர்த்துக் கிடக்கிறார். மத்தியானம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழும்பி வேலைக்குப் போய்விட்டார். செவ்வாய், புதன் இரவுகளில் சும்மா கொஞ்சம் உடம்பு அலுப்பு, அவ்வளவுதான். ஞாயிறு லீவு. அடுத்த திங்கள் திரும்ப அதே நடுக்கம்.

மாமி, "திங்கக்கிழமை பார்த்து வாற காய்ச்சல் சும்மா காய்ச்சல் இல்ல மகள்" என்று தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தா, கையில் நூல் கட்டிவிட்டா. நான் டெங்கு என்று பயந்து மூன்றாவது திங்கள் இரவு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு 14,200. பிளேற்லட் 2 லட்சத்து 60 ஆயிரம். "டெங்கு இல்லை, ஏதோ கிருமி" என்று அன்ரிபயோற்றிக் தந்து அனுப்பினார்கள். என்ன தொழில் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, அது முக்கியம் என்று யாருக்குத் தெரியும்?

இதில் என் தம்பி வேறு. வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் கதையைக் கேட்டுவிட்டு போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "அக்கா, அத்தான் சுவாசிக்கிறது நானோத்துகள். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் ஜீன் 60 மடங்கு மாறியிருக்கு" என்றான். சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான், எனக்குத்தான் நித்திரை இல்லை. ஏனென்றால் நான் இப்போது ஐந்து மாதம். இதுதான் தலைப்பிள்ளை.

மரபணு மாறிவிட்டால் திரும்பி வருமா? அவருடைய நெஞ்சில் மாறியது என் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் போகுமா? இந்தக் காய்ச்சல் அதனால்தானா? விஷயம் தெரிந்த ஆட்கள் சொல்லுங்கள். "வேலையை விடச் சொல்லு" என்று மட்டும் எழுதாதீர்கள், சீட்டுக்காசு கட்ட வேண்டும்.

அக்கரைப்பற்று நானா:

தங்கச்சி, பயப்படாதீங்க. இது கல்வனைஸ் காய்ச்சல். நான் கட்டாரில் 14 வருடம் ஒட்டினவன். வெள்ளைக்காரன் இதற்கு வைத்த பெயரே திங்கட்கிழமைக் காய்ச்சல்தான். எங்களுக்கு அங்கே வெள்ளிக்கிழமை லீவு, அதனால் எங்கள் கேம்பில் சனிக்கிழமைக் காய்ச்சல்! லீவு முடிந்து முதல் நாள் கல்வனைஸ் புகையை இழுத்தால் அன்று இரவு தூக்கிப் போடும். அடுத்த நாளும் இழுத்தால் ஒன்றும் வராது, உடம்பு பழகிவிடும். லீவு எடுத்தால் பழக்கம் போய்விடும்.

மாமியிடம் சொல்லுங்க, பேயும் இல்லை கண்ணூறும் இல்லை, நாகம், சிங்க் என்கிற உலோகம். ஒட்ட முதல் ஒரு கிளாஸ் பால் குடிக்கச் சொல்லுங்க. நாங்கள் லபான், அந்த நாட்டு மோர், குடிப்போம். தகரத்தைத் திறந்துவிட்டு ஒட்டச் சொல்லுங்க. ஜீன் விஷயம் எனக்கு விளங்காது, படித்த ஆட்கள் வரட்டும்.

கல்லாற்றுக்காரி:

நானா சொன்னது முக்காலும் சரி, பாலைத் தவிர. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. குடிக்கட்டும், நல்ல சாப்பாடுதான்.

நான் பெரிய கல்லாறு. இப்போது ஊரில் இல்லை. நுரையீரல் நச்சியல் பார்க்கிற ஓர் ஆய்வுகூடத்தில் எலிகளோடும் தூசியோடும் ஏழு வருடம் போய்விட்டது. தங்கச்சி, உங்கள் தம்பி வாசித்தது எது என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது. அதற்கு வருகிறேன், முதலில் அவருடைய காய்ச்சல்.

கல்வனைஸ் என்றால் இரும்பின் மேல் நாகப் பூச்சு. நாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருகவே ஏறத்தாழ 1,500 பாகை வேண்டும். ஆகவே இரும்பு இளகும் முன்னமே பூச்சு ஆவியாகிப் பறந்துவிடுகிறது. பறந்த ஆவி காற்றில் ஒட்சிசனோடு சேர்ந்து, குளிர்ந்து, நாக ஒட்சைட்டுத் துகளாகிறது. அந்த அடர்ந்த வெள்ளைப் புகையும், பட்டறை மூலையில் பஞ்சு மாதிரி தொங்குகிற வெள்ளையும் அதுதான். ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர். நூறு நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் நானோ என்போம், ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக தம்பி சொன்னது பிழையில்லை. ஆய்வுகூடத்தில் காசு கொடுத்து வாங்குகிற சாமானை அத்தான் சும்மா உற்பத்தி செய்கிறார்.

மூக்கிலும் தொண்டையிலும் படிவது பெரிய தூசி. 20 நானோமீட்டர் அளவில் தனித்தனியாகப் போகிற துகளில் பாதியளவு நேரே அடிவரை போய், சிற்றறைகளில் படிந்துவிடும். அங்கே விழுங்கிக் கலங்கள் இருக்கின்றன, வந்த குப்பையை விழுங்குவதே அவற்றின் வேலை. நாக ஒட்சைட்டை விழுங்கினால் அந்தக் கலத்துக்குள்ளே இருக்கிற அமிலத்தில் அது கரைந்து நாக அயன், அதாவது மின்னேற்றமுள்ள நாக அணு, வெளியே வரும். கலம் திணறிப்போய் அபாயச் சேதி அனுப்பும். இன்டர்லியூகின்-6, இன்டர்லியூகின்-8, டி.என்.எஃப் என்கிற புரதங்கள்தான் அந்தச் சேதி. தொண்டர்களை வைத்து கல்வனைஸ் ஒட்டச் செய்து, பிறகு அவர்களுடைய நுரையீரலைக் கழுவி எடுத்த நீரிலேயே இவை கூடியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அவை இரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் காய்ச்சலும் நடுக்கமும். புகை இழுத்து 4 முதல் 10 மணித்தியாலத்தில் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் தானே போகும். மத்தியானம் ஒட்டினவருக்கு இரவு பத்து மணிக்கு நடுங்குகிற கணக்கு அதுதான்.

உங்கள் இரத்தப் பரிசோதனையும் அதையே சொல்கிறது. டெங்கு என்றால் வெள்ளை அணு பெரும்பாலும் இறங்கும். உலோகப்புகைக் காய்ச்சலில், அதாவது நானா சொன்ன இந்தக் கல்வனைஸ் காய்ச்சலில், ஏறும், 14,200 ஆச்சரியம் இல்லை. ஆனால் ஒன்று, மட்டக்களப்பில் மாரிகாலத்தில் வருகிற காய்ச்சலை "ஓ, இது புகைதான்" என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நின்றாலும், திங்கள் அல்லாத நாளில் வந்தாலும், மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிதான். பனடோல் மட்டும் கொடுங்கள், புரூபன் வேண்டாம். தொழிலை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இனி மரபணு. இங்கேதான் தம்பி உங்களை வீணாக அழவைத்துவிட்டான்.

உன்னிச்சைக் குளத்து வான்கதவை மழைக்குத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீர் படுவான்கரை வயலெல்லாம் பாய்கிறது. அதற்காகக் குளம் மாறிவிட்டதா? கட்டு உடைந்தால்தான் குளம் மாறினது. மரபணுவும் அப்படித்தான். டி.என்.ஏ.யின் எழுத்தே மாறுவது கட்டு உடைவது. மரபணு கூடுதலாகவோ குறைவாகவோ வேலை செய்வது கதவு ஏறி இறங்குவது. "ஜீன் இத்தனை மடங்கு மாறியது" என்று எலி ஆராய்ச்சிகளில் வருவது பெரும்பாலும் கதவுக் கணக்கு. அத்தானுடைய நெஞ்சில் ஒவ்வொரு திங்களும் கதவுகள் ஏறி இறங்குகின்றன. அது இல்லாவிட்டால் காய்ச்சலே வராது.

நானா சொன்ன "உடம்பு பழகிவிடும்" கூட ஒரு மரபணுக் கதைதான். மெட்டலோதயோனின் என்று ஒரு புரதம் உண்டு, நாகத்தைக் கண்டால் பிடித்துக் கட்டி வைக்கிற புரதம். நாகம் உள்ளே வந்தவுடன் அதன் மரபணு வேகமெடுக்கும். திங்கள் புகைக்கு அது ஆயத்தமாக இல்லை, அதனால் அடி. செவ்வாய்க்கு நிறையப் புரதம் செய்து வைத்திருக்கிறது, அதனால் சும்மா அலுப்பு. ஞாயிறு புகை இல்லை, புரதம் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப நாகப் புகை கொடுத்த எலிகளின் நுரையீரலில் இதைக் காட்டியிருக்கிறார்கள். தொண்டர்களும் மூன்று நாள் தொடர்ந்து சுவாசித்தபோது மூன்றாம் நாள் அழற்சி குறைந்திருந்தது. எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த விஷயம் இதுதான், எங்கேயோ இருக்கிற ஒரு மரபணு உங்கள் வீட்டுக் கலண்டரைப் பார்த்து வேலை செய்கிறது!

தம்பியின் 60 மடங்கு. 2011இல் வந்த ஓர் ஆராய்ச்சி அது என்று நினைக்கிறேன், கனடாவும் டென்மார்க்கும் சேர்ந்து செய்தது. எலிகள் சுவாசித்தது நாகம் அல்ல, டைட்டேனியம் ஈரொட்சைட்டு, வெள்ளைப் பெயின்ரில் போடுவது. ஒரு கன மீட்டர் காற்றில் 42 மில்லிகிராம், நாளுக்கு ஒரு மணித்தியாலம், 11 நாள். அதிலும் 60 மடங்கு கூடியது சாதாரண மரபணு அல்ல, மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற சின்னத் துண்டு ஒன்று. மற்ற மரபணுக்களின் சேதியை நடுவழியில் மறிப்பது அதன் வேலை. மடங்குக் கணக்கில் மயங்காதீர்கள். ஒரு ரூபாய் இருந்தவனிடம் 60 ரூபாய் வந்தாலும் 60 மடங்குதான்.

ஆனால் அந்த ஆராய்ச்சியைத் தூக்கிப் போடவும் மாட்டேன். கடைசியாகச் சுவாசித்து ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோதும் எலியின் நுரையீரலில் அழற்சி மரபணுக்கள் தணியவில்லை. அதில் சீரம் அமைலாய்ட் ஏ என்கிற புரதத்தின் மரபணு முன்னுக்கு நின்றது. இந்தப் புரதம் இரத்தத்தில் நீண்ட காலம் கூடி நிற்பதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு. மனிதரிலும் பார்த்தார்கள்: 2018இல் ஜெர்மனியில் சுகதேகிகள் 16 பேர் நாக ஒட்சைட்டு நானோத்துகளை நான்கு மணித்தியாலம் சுவாசித்தார்கள், கன மீட்டருக்கு உச்சமாக 2 மில்லிகிராம். செறிவு கூடக்கூட அதே புரதம் இரத்தத்தில் கூடியது. பல நாடுகளில் வேலைத்தலத்துக்கு 5 மில்லிகிராம் வரை அனுமதி என்று வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பிள்ளைக்குப் போகுமா? போகாது. நுரையீரல் கலத்தில் எந்தக் கதவு திறந்தாலும் அது அந்தக் கலத்தோடு சரி. பிள்ளைக்குப் போவது விந்திலும் முட்டையிலும் இருப்பது மட்டும்தான். உங்கள் பிள்ளை ஐந்து மாதத்துக்கு முதலே தன் பங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டது. உங்களுக்குக் கவலை வேண்டுமென்றால் வேறொன்று தருகிறேன்: அவர் பழைய கேற்றுகளைக் கிரைண்டரில் உரசுகிறாரா? பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி உடுப்பில் வீட்டுக்கு வரும், பிள்ளைத்தாய்ச்சிக்கு அது கூடாது. வேலை உடுப்பைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும், நீங்கள் உதறாதீர்கள், தனியாகத் தண்ணீரில் போட்டு அவரே அலசட்டும். ஆமாம், அவரே.

படுவான்கரை:

கல்லாற்று அக்கா நல்லா எழுதுகிறீர்கள், ஆனால் இது கொஞ்சம் கூடிப்போச்சு என்று நினைக்கிறேன். என் பெரியப்பா நாற்பது வருடம் ஒட்டினார். மாஸ்க்கும் இல்லை, நானோவும் இல்லை, தலையில் ஒரு சால்வை. எழுபத்திரண்டு வயது வரை இருந்தார். இரண்டு தரம் நிமோனியா வந்து கடைசியில் அதிலேதான் போனார், அது வயது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்துப் பயங்காட்டுகிறார்கள்.

கல்லாற்றுக்காரி:

நானோ என்கிற பெயர் புதிது, புகை பழையது. உங்கள் பெரியப்பா இழுத்ததும் இதையேதான்.

அவருடைய நிமோனியா ஏன் வந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது தம்பி, ஆனால் நீங்களே அந்த வார்த்தையைச் சொன்னதால் சொல்கிறேன். ஒட்டுகிற ஆட்களுக்கு நிமோனியா கூட வரும் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம். பிரித்தானியாவில் அவர்களுக்கு, நிமோனியா தருகிற நியூமோகொக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். காரணமும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. புகை பட்ட சுவாசக்குழாய்க் கலங்கள் தங்கள் மேற்பரப்பில் ஒரு வகை ஏற்பியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்கின்றன. நியூமோகொக்கஸ் கிருமி தொற்றிப் பிடிப்பது அந்த ஏற்பியைத்தான். கதவு திறந்தது எதற்கோ, உள்ளே வந்தது கள்ளன்.

இன்னொன்று, நல்ல செய்தி இல்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெல்டிங் புகையை முதலாம் தொகுதியில் போட்டது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவை அந்தத் தொகுதியில். சிகரெட்டும் அங்கேதான். முதலாம் தொகுதி என்பது சான்று எவ்வளவு உறுதி என்கிற கணக்கு, ஆபத்து சிகரெட் அளவு என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் கதவு வருடக்கணக்காக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கட்டுக்கும் அடிதான். சுவீடனில் ஒட்டுகிறவர்களின் இரத்தத்தில் ஒரு மரபணுவின் மேலிருக்கும் மெதைல் என்கிற வேதி அடையாளம் குறைந்திருந்ததை 2015இல் காட்டினார்கள். புகைபிடிக்கிறவர்களிலும் அதே மரபணுவில் அதே பக்கம்தான் மாற்றம். மாற்றம் சிறிதுதான், எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் வைத்த பொட்டுத்தான் அழிந்தது. ஆனால் இது திங்கள் வந்து செவ்வாய் போகிற விஷயம் இல்லை.

சம்மாந்துறை ஆலைக்காரர்:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் ஆலையில் உமிச் சாம்பல் மலை மாதிரி. அதுவும் நானோவா? பெடியன்கள் மூக்கில் ஒன்றும் கட்டாமல் அள்ளுகிறார்கள்.

கல்லாற்றுக்காரி:

உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. அது கூடுதலாக வடிவமற்ற சிலிக்கா, ஆனால் அடுப்பு மிகச் சூடாக எரிந்தால் கிறிஸ்டோபலைற் என்கிற பளிங்காக மாறும். அது நுரையீரலைத் தழும்பாக்குகிற வகை, விழுந்த தழும்பு பிறகு மாறாது. நானோவோ இல்லையோ, நனைத்து அள்ளச் சொல்லுங்கள், மாஸ்க்கும் வேண்டும். தனி இழையாகப் போடுங்கள், விரிவாக எழுதுகிறேன். இங்கே தங்கச்சிக்கு மாஸ்க் விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

துணி மாஸ்க்கும் நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்கு ஆகாது. என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வேண்டும். "நானோ அவ்வளவு சின்னது என்றால் மாஸ்க்கின் ஓட்டைக்குள்ளால் போய்விடாதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். மாஸ்க் அரிதட்டு இல்லை. மிகச் சிறிய துகள் நேரே போகாது, காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து வெறிகாரன் மாதிரி அங்கும் இங்கும் தள்ளாடும், தள்ளாடி நாரில் முட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆகச் சின்னதுதான் நன்றாகப் பிடிபடும். ஒட்டுகிற கண்ணாடித் தொப்பிக்கு உள்ளே போடலாம்.

அப்புறம், ஒட்டுகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்கு நாகத்தை முதலில் உரசி எடுத்துவிடட்டும், அதற்கும் மாஸ்க்கோடுதான். தகரத்தைத் திறந்து, ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து, புகை முகத்துக்கு வராமல் ஓடவிடட்டும். மழை என்றால் வேலை ஒரு நாள் பிந்தட்டும். கோழி காத்திருக்கும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும், தாடி இருந்தால் பயன் இல்லை, இடுக்கால் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

செட்டிபாளையத்துப் பிள்ளை:

அக்கா, எனக்கு இரண்டு தரம் அழுகை வந்துவிட்டது, "தன் பங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டது" என்ற இடத்தில் ஒரு தரம், "அவரே அலசட்டும்" என்ற இடத்தில் சிரித்துச் சிரித்து ஒரு தரம். நானா, உங்களுக்கும் நன்றி, பால் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

தகரம் திறந்தாச்சு. என்95 ஒரு பெட்டி டவுனில் வாங்கியாச்சு. ஆனால் தாடி என்று எழுதினீர்களே, அங்கேதான் பிரச்சினை. பெண்சாதி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புருஷன் சவரம் எடுக்கக்கூடாது என்று மாமி நாலு மாதமாக அவரைக் கத்தி தொடவிடவில்லை. இப்போது முனிவர் மாதிரி இருக்கிறார். மாஸ்க் போட்டால் கன்னத்தில் ஒட்டவே இல்லை, பக்கத்தால் பூ மாதிரி விரிந்து நிற்கிறது. பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாதம். அதுவரை கறுப்பு இரும்பு வேலை மட்டும் எடுத்தால் சரியா?

கல்லாற்றுக்காரி:

இந்தக் காய்ச்சல் அநேகமாக வராது, ஆனால் கறுப்பு இரும்புப் புகையும் வெல்டிங் புகைதான், மேலே சொன்ன முதலாம் தொகுதி அதற்கும் சேர்த்துத்தான். தாடிக்கு மேலால் போடுகிற, காற்றைத் தானே வடித்து ஊதுகிற தொப்பி ஒன்று இருக்கிறது. விலையைக் கேட்டால் உங்கள் சீட்டுக்காசு ஒரு வருடத்துக்குப் போதாது. மாமியிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள்.

செட்டிபாளையத்துப் பிள்ளை:

பேசவில்லை அக்கா. நேற்றுப் பின்னேரம் அவரே களுவாஞ்சிகுடிக்குப் போய் சலூனில் மழித்துக்கொண்டு வந்துவிட்டார். இன்று திங்கள். காலையிலிருந்து மாஸ்க்கோடு ஒட்டினார், இப்போது இரவு பதினொன்றேகால், குறட்டை கேட்கிறது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. மாமிதான் நேற்றிலிருந்து எங்கள் இரண்டு பேரோடும் பேச்சில்லை.